டாக்டர் ஊதியாக வேண்டும்

ஆரணியில் ஒரு சிறிய கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். எங்கள் டாக்டர் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, மருத்துவர்களுக்கான ஓர் உதவித் திட்டத்தின் மேற்பார்வையில் மறுபடி வேலைக்கு வந்திருந்தார். நிபந்தனைகள் மூன்று. நோயாளிகளைப் பார்க்கும் முன் தினமும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். அதை ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான். சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றோடு வேலையை நிறுத்திவிட வேண்டும். ஊதுபவரைப் படம் எடுத்து, முடிவோடு வேலூரில் இருக்கும் மேற்பார்வை டாக்டருக்குக் கருவியே அனுப்பிவிடும்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊதுவார். ஆனாலும் 'பீப்' சத்தம் வெளியே கேட்கும். காத்திருப்பவர்கள் அது ஆஸ்துமா டெஸ்ட் என்று முடிவு செய்துவிட்டார்கள். கால் சுளுக்கோடு வந்தவர்கூட, "எனுக்கும் அந்த ஊதுறத எழுதிக் குடுங்க" என்றார்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் கை கழுவப் போனார். நான் கருவியில் புதுக் குழலை மாட்டி மேசையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பினேன். சேவூரில் பவர்லூம் வைத்திருக்கும் மீசைக்காரர் ஒருவர் உள்ளே வந்து, அதை எடுத்து, கன்னம் உப்ப ஊதிவிட்டார். சிவப்பு.

"இன்னாம்மா ரிசல்ட்டு? நெஞ்சு கிளீனா கீதா?"

"அண்ணே, காலையிலயே குடிச்சீங்களா?"

"சேச்சே. நேத்து நைட்டு மச்சான் கல்யாணம்."

ஈரக் கையோடு வந்த டாக்டர் விளக்கைப் பார்த்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. வேலூர்.

"ஏம்மா, உங்க டாக்டருக்கு ஒரே ராத்திரியில மீசை மொளச்சிடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "சரி, இப்பவே அவரு ஊதணும். வீடியோல நான் பாக்கணும். இல்லன்னா இன்னிக்கு ஓ.பி. கிடையாது" என்றார்.

வீடியோ வருகிற அளவுக்கு சிக்னல் கிடைப்பது நோயாளிகள் உட்காரும் ஹாலில் மட்டும்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கருவியோடு அவரே வெளியே நடந்தார்.

"இது ஆஸ்துமா டெஸ்ட் இல்லீங்க. நான் குடிச்சிருக்கேனான்னு பாக்கற மெஷின். தெனமும் இதுல பாஸானாதான் உங்கள பாக்கலாம்."

மீசைக்காரர் முந்திக்கொண்டார்.

"பேஜாரே வேணாம் டாக்டர். உதட்ட இறுக்கமா வச்சிகினு ஊதுங்க. நான் இப்பதான் ஊதினேன்."

புதுக் குழலை மாட்டிக் கொடுத்து, வேலூருக்கு வீடியோவில் தெரியும்படி போனைப் பிடித்தேன். ஊதினார். கருவி நிதானமாக யோசித்தது. காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் எக்கி எக்கிப் பார்த்தாள்.

"பச்ச எரிஞ்சிடுச்சி!" என்று குழந்தையோடு எழுந்தாள். "ஜல்தியா உள்ள வாங்க டாக்டர், மொத டோக்கன் எங்களுதுதான்."