மணலுக்குச் சொல் இல்லாத பாலைவனம்

புதிதாக ஒரு மொழியையே செய்து கொடுப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பாவமாகப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே இப்படி விளங்காத வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பரணில் தொங்கியவை

சென்னையில் ஒரு கம்பெனி, வீடியோ கேமில் வரும் பாலைவன ராஜ்ஜியத்துக்கு மொழி கேட்டது. அரபி, எபிரேயச் சாயலில் வேண்டுமாம். அந்த மொழிகளில் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துதான் வேர். இடையில் உயிரை மாற்ற மாற்றச் சொல் பிறக்கும். அரபியில் கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுகிறவர். இந்த வேலை தேறாவிட்டால் எங்கள் பூண்டுக்காட்டு வேலைக்கே வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வேர்களை அட்டைகளில் எழுதி, பரணில் புகை காட்டி வைத்திருக்கும் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். வேறு இடம் ஏது? வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூண்டாச்சும் ஊனுனா மொளைக்கும். இது என்ன செய்யும்?"

பஸ் ஸ்டாப் பாடம்

எங்கள் மேல்மலை ஊரில் சிக்னல் கிடைப்பது பஸ் ஸ்டாப்பில் மட்டும். அங்கே நின்று கம்பெனித் தம்பிக்குப் போனில் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் அடித்தொண்டை ஓசைகள். கேரட் மூட்டையோடு நின்ற அக்கா, நான் போனை வைக்கும்வரை பொறுமையாக இருந்தார். "வையிறதுதான் வையிற, எங்களுக்கும் வெளங்குற மாதிரி வையி தாயி."

பதினொரு மூடுபனி

முதல் நூறு சொற்களை அனுப்பிவிட்டு மறுநாள் அதே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தம்பி கூப்பிட்டார். "மேடம், மூடுபனிக்குப் பதினொரு வார்த்தை இருக்கு. மணலுக்கு ஒண்ணுகூட இல்லையே?"

கதவைத் திறந்தால் மூடுபனி. நான் மணலை எங்கே கண்டேன்? ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அழுகையாக வந்தது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, நாளையிலிருந்து காட்டுக்கு வருகிறேன் என்றேன். வீட்டுக்காரர் அந்தப் பதினொரு அட்டைகளையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார். விடிகாலையில் அசையாமல் நிற்பது, கீழே அடுக்கம் ஊர்ப் பக்கமிருந்து ஏறி வருவது, துணியைக் காயவிடாதது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "காட்டுக்கெல்லாம் வர வேணாம், உக்காந்து மணலுக்கு வையி. அப்புறம், நாம பூண்டு புடுங்குற அன்னைக்குன்னு பாத்து எறங்குமே, அதுக்குப் பேரு வைக்காம விட்டுட்ட."

ஆக, மணலுக்கு ஒரு சொல் கிடைக்கும் முன்பே பாலைவன ராஜ்ஜியத்துக்குப் பன்னிரண்டாவது மூடுபனி கிடைத்துவிட்டது.