கேட் இல்லாத கம்பெனி

பிள்ளைகளா, நம்ம போனில் எடுக்கிற படம் எதுவும் தானாக அந்த இன்டர்நெட் கம்பெனிக்காரர்களிடம் போகாதபடி நான் அடைத்து வைத்திருப்பது உங்களுக்குக் கேலியாக இருக்கிறது. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

பெரியவளே, நீ தென்காசியில், உன் அம்மா பிறந்த வீட்டில் பிறந்தாய். நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற பிளான்ட்டில் லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு இல்லை. அம்மா தினமும் உன் படம் அனுப்புவாள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் அதைத்தான் பார்ப்பேன். கொஞ்ச நாளில் போனில் இடமில்லை. 'படங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, இங்கே அழித்துவிடலாமா?' என்று அதுவே கேட்டது. என்ன மரியாதை! சரி என்று அமுக்கினேன். அம்மாவின் போன் இன்னும் சின்னது. எனக்கு அனுப்பிய கையோடு அவளும் அழித்துவிடுவாள்.

ஒருநாள், வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டலாமென்று அவள் தன் போனில், படங்கள் இருந்த என் கணக்கைத் திறந்தாள். பாஸ்வேர்டு சரிதான். ஆனாலும் அந்தக் கம்பெனிக்கு நம்பிக்கையில்லை. 'இது நீங்கள்தானா?' என்று என் போனுக்குக் கேள்வி அனுப்பியது. எங்கள் பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போகணும். அவள் விடாமல் முயற்சி செய்ய, அதுவும் விடாமல் கேட்டிருக்கிறது.

சாயங்காலம் போனை வாங்கப் போனால் செக்யூரிட்டி அண்ணன் சிரிக்கிறார். "இன்னா தம்பி, உன் போனு பொட்டிக்குள்ள துள்ளிகினே கீது. மாமியார் வந்துகீறாங்களா?"

பார்த்தேன். கணக்கைப் பூட்டிவிட்டார்கள். யாரோ திருடப் பார்த்தார்களாம். உன் அம்மா திருடி! நான்தான் நான் என்று நிரூபிக்க ஒரு எண் அனுப்பினார்கள். எந்த நம்பருக்கு? ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எப்போதோ செத்துப்போன என் பழைய சிம்முக்கு.

அறையில் கூட இருந்த மதுரைக்காரத் தம்பி சட்டையை மாட்டினான். "வாங்கண்ணே, நேர்ல போயிக் கேப்போம். ஆபீஸ் எங்க இருக்கு?"

"தெரியலடா."

"என்னண்ணே, புள்ள படத்த குடுத்திருக்கீக, யார்ட்ட குடுத்தோம்னு தெரியாதா?"

பிளான்ட்டில் அநியாயம் நடந்தால் எந்த கேட்டில் போய் உட்காரணும் என்று எங்களுக்குத் தெரியும். சத்தம் போட்டால் ஒரு சூப்பர்வைசராவது வெளியே வருவான். இவனுக்குக் கேட்டும் இல்லை, ஆளும் இல்லை. எழுதிப் போட்டால் மெஷின் பதில் சொல்லுது: 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' யார்டா பொறுமையா இருந்தது?

கேளுங்கள் கூத்தை. போன் ஓடணுமே என்று வேறு கணக்கு போட்டேன். மறுவாரமே அதில் டயபர் விளம்பரம்! எனக்குப் பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியும். நான்தான் அதற்கு அப்பன் என்பதை மட்டும் நம்பமாட்டான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் வயர் போட்டு, படங்களை நம்ம ஹார்ட் டிஸ்கில் ஏற்றுகிறேன். முக்கியமானதைப் படப்பையில் இருக்கிற ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுகிறேன். மெயிலுக்கும் மேப்புக்கும் அவனை விட்டு வேறு கம்பெனியைத் தேடிப் பிடித்தேன். மேப் சில நாள் சுத்தி விடுது, விடட்டும்.

பெரியவளே, பிறந்த புதிதில் இருந்த உன் முகம் இந்த வீட்டில் ஒரு படத்தில்கூடக் கிடையாது. அவனிடம் இருக்கிறது. தரவும் மாட்டான், அழித்துவிட்டேன் என்று சொல்லவும் மாட்டான்.