அப்பாவின் பேருக்குக் கீழே

எங்கள் அப்பாவுக்கு நானும் தங்கையுமாக இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் எங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகள் அச்சடித்த வம்சாவளிப் புத்தகத்தில், அப்பாவின் பேருக்குக் கீழே ‘வாரிசு இல்லை’ என்று போட்டிருந்தது. போட்டவர் வேறு யாருமில்லை. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் பெரியப்பா.

அப்பா அப்போது உயிரோடு இல்லை. கோயில் பொங்கலன்று அம்மாதான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அத்தனை பங்காளிகள் முன்னால் பெரியப்பாவிடம் கேட்டார்.

“மாமா, எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குகளே.”

“பொட்டப்பிள்ள எல்லாம் போற வீட்டுக் கணக்கு. திருமங்கலத்தா, நீ போயி பொங்கப் பானையப் பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா போய்ப் பானையைப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தக் கோயில் பொங்கலுக்கு அரிசி களைந்தது அவர்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ‘வாரிசு இல்லை’யை அழிக்காமல் விடுவதில்லை என்று அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் தீர்மானித்தேன். என் வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை. ஆற நான் விடவும் இல்லை.

எனக்கு வேலை திருநகர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில். தங்கள் முன்னோர் யாரென்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார்கள். பழைய பதிவேடுகளைப் பார்த்து, யாருக்கு யார் பிள்ளை என்பதைச் சரிபார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அப்படித்தான் ஸ்காட்லாந்தில் பல நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு சீமாட்டியின் வம்சாவளி என் தலையில் விழுந்தது. அவள் அப்பா பெரிய பிரபு. ஆண் வாரிசு கிடையாது, இவள் ஒரே மகள். பட்டமும் நிலமும் இவளுக்கு வந்தன. இவளைக் கட்டியவனும் பிரபு என்று சொல்லிக்கொண்டு சபையில் உட்கார்ந்தான். இவள் புருஷன் என்பதைத் தவிர அவனுக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதிய பட்டியல்களில் அவன் பேர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அடப்பாவிகளா, அங்கேயும் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் பெரியப்பா போன் பண்ணினார். திருவாதவூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வம்சாவளியைக் கருங்கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் எட்டடி ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டினால், பேர் விட்டுப்போனதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

“நீதான் இதே சோலியா இருக்கியாம்ல. நம்ம வம்சத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடு, ஆத்தா. செலவு என்னோடது.”

“அப்பா பேருக்குக் கீழ என்ன போட, பெரியப்பா?”

“புஸ்தகத்துல உள்ளபடி போடு. பொம்பள வழி வம்சமாகாது.”

“இந்த ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“சிக்னல் சரியில்ல பெரியப்பா. அதையே வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிருங்க, மறந்துரப் போறேன்.”

மகராசன், அனுப்பினார். கூடவே தன் பெட்டியில் இருந்த பழைய பத்திரங்களையும் படம் எடுத்து அனுப்பினார். அவர் அதைப் படித்ததே இல்லை. நான் படித்தேன், எழுத்துக்கூட்டி, மூன்று நாள். கோயிலைக் கட்டி நிலம் விட்ட முதல் பாட்டனுக்கு ஆண் பிள்ளையே கிடையாது. ஒரே மகள். சொத்தையும் கோயிலையும் மகளுக்கும், வீட்டோடு வந்த மருமகனுக்கும் எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தில் அந்த மருமகனை மகன் என்று போட்டுவிட்டார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் அந்த ஒருத்தி வயிற்று வழி. படித்து முடித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பங்காளிகள் கூடியிருந்தார்கள். கல்வெட்டு வேலை செய்கிறவரும் நோட்டோடு வந்திருந்தார். பெரியப்பா கையாலேயே ஃபிளெக்ஸைப் பிரிக்கச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். உச்சியில் முதல் பாட்டன் பேர். அதற்குக் கீழே ‘வாரிசு இல்லை’. மீதி அத்தனையும் வெள்ளை.

“என்னத்தா, பாதி பிரிண்ட் ஆகலையா?”

“முழுசா ஆகியிருக்கு பெரியப்பா. நீங்க சொன்ன ரூலுதான்.”

பத்திரத்தைச் சத்தமாக வாசித்தேன். அப்புறம் போனில் அவர் குரலைப் போட்டுக் காட்டினேன். பெரியப்பாவின் மூஞ்சி செத்துப்போயிற்று. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

அவருடைய தம்பி முறை ஒருத்தர் கேட்டார். “அண்ணே, அப்ப நாம அம்புட்டுப் பேரும் யாரு?”

“பழங்கதையை எதுக்குடா கிளறணும்?” என்றார் பெரியப்பா.

“கிளறுனது நீங்க அனுப்புன பத்திரம். எங்க பேரு கல்லுல ஏறணுமா வேணாமா?” என்றார் அந்தத் தம்பி.

ஒரு மணி நேரம் கத்தினார்கள். என் வேலையை அந்த வெள்ளை ஃபிளெக்ஸ் பார்த்துக்கொண்டது. கடைசியில், பெண் வழியையும் கல்லில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மகள்கள் பேர், வந்த மருமகள்கள் பேர், எல்லாம். பெரியப்பா கோயில் கமிட்டித் தலைவர் என்பதால் அவர்தான் ஒவ்வொரு பேராகச் சொல்ல, கல்வெட்டுக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அப்பாவின் பேர் வந்தது.

“இவுக வீட்டம்மா பேரு என்னங்கய்யா?”

பெரியப்பா வாயைத் திறந்தார். “திருமங்கலத்தா” என்றார்.

“ஊரு வேணாங்கய்யா. பேரு.”

முப்பது வருஷம் அம்மா கையால் சாப்பிட்ட மனுஷனுக்குப் பேர் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நானாகச் சொல்லவில்லை. வாய் திறந்து கேட்கட்டும் என்று நின்றேன்.

“ஒங்க அம்மா பேரு என்னத்தா?” என்று கேட்டார்.