அரிப்பு மாத்திரையும் பலாக் கயிறும்

எனக்கு ஊர் காடாம்புலியூர். பலா மரம் ஏறிப் பழம் இறக்குவது தொழில். முந்திரிக் கொட்டை உடைத்ததில் அதன் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுக் கையெல்லாம் அரிப்பு. மனைவிக்கு முன்பு டாக்டர் கொடுத்த அரிப்பு மாத்திரை மிச்சம் இருந்தது. காலையில் ஒன்று போட்டேன். அரிப்பு அடங்கியது, வேலைக்குப் போனேன்.

பழத்தைக் கயிற்றில் கட்டி மேலிருந்து நான் இறக்குவேன். கீழே என் மச்சான் வாங்குவான். அன்று பாதியிலேயே கண் சொக்கிக் கயிறு நழுவியது. பழம் மச்சான் காலடியில் விழுந்து சிதறியது.

"யோவ் மாமா, கொல்லப் பாக்குறியா?"

"அரிப்பு மாத்திர போட்டேன்டா. தூக்கமா வருது."

"அங்கியே தூங்கிடாத. மெதுவா எறங்கு. அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

கிளையை இறுக்கிப் பிடித்து இறங்கிவிட்டேன்.

மறுநாள் சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்தேன். "உடம்புல அரிப்பக் கிளப்புற சரக்க இந்த மாத்திரை தடுக்கும். ஆனா இது பழைய வகை, மூளைக்கும் போய் தூக்கத்த வரவைக்கும்" என்றார். தூக்கம் அவ்வளவாக வராத வேறு வகை எழுதினார். அதையும் ராத்திரியில் போடச் சொன்னார்.

இப்போதெல்லாம் நோவைச் சொல்வதற்கு முன் டாக்டரிடம் என் தொழிலைச் சொல்கிறேன். அடுத்தவர் மாத்திரையைத் தொடுவதில்லை. மச்சானும், "எதனா மாத்திர போட்டியா மாமா?" என்று கேட்ட பிறகுதான் கயிற்றைக் கொடுக்கிறான்.