கழுத்தில் நாடாத் தடம் விழுந்த சுரைக்காய்

எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனை வீட்டு டீச்சர் அதில் ஓர் அறிவிப்புப் போட்டார். நாளை முதல் ஏழு நாளைக்குப் பிள்ளைகளுக்குப் போட்டோ போட்டி. ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு. அவரவர் வீட்டிலும் தோட்டத்திலும் மட்டும்தான் எடுக்க வேண்டும். திங்கள் சிவப்பு, செவ்வாய் வட்டம், புதன் நிழல், வியாழன் தண்ணீர், வெள்ளி வளர்வது, சனி பழையது, ஞாயிறு அடுப்படி.

ஏழாவது படிக்கும் என் மகள் அதைப் படித்ததும் குதித்தாள். எனக்கு வேறு யோசனை ஓடியது. நம் வீட்டு உள்பக்கத்தை எதற்காக ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்?

பிள்ளைகளா, நான் பத்தாவது வரை படித்தவன். திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள்; உள்ளே செப்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே, தானா எரிஞ்சிருச்சு" என்று சத்தியம் பண்ணுவார்கள். பிரித்துப் பார்த்தால் எந்தச் சுருள் கறுத்திருக்கிறது, எது கறுக்கவில்லை என்பதிலேயே நடந்தது தெரிந்துவிடும். வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, ஆள் சொல்வதை நம்பாமல் தடத்தை நம்பியே பழகிவிட்டேன். என்னைக் கவிழ்த்துவிட்டதும் இந்தப் பழக்கம்தான்.

அப்போது நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. என் மகளுக்கு அங்கே ஒரே ஒரு தோழி. எதிர்வீட்டுப் பெண், அவள் வயதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வாசல் இரும்புக் கதவைக் காலாலேயே எத்தித் திறந்துகொண்டு, "ஏய், எங்கடி இருக்க?" என்று கத்தியபடி நேராக அடுப்படி வரைக்கும் வந்துவிடும். அந்தக் கதவுச் சத்தம் கேட்டால் மணி நாலரை என்று என் மனைவி பால் வைப்பாள்.

திங்கட்கிழமை என் மகள் முறத்தில் காய்ந்த மிளகாயை எடுத்தாள். பார்த்தேன். "பின்னாடி பீரோ தெரியுது. அழி" என்றேன். செவ்வாய்க்கிழமை குடத்து வாய். "ஜன்னல்ல ஒரு கம்பி இல்லாதது தெரியுது பாரு. அதையும் அழி."

"நம்ம வீட்ல என்ன இருக்குன்னு களவாணி வரப்போறான்?" என்றாள் என் மனைவி. "உங்க பழைய மோட்டாரு கம்பியவா தூக்கிட்டுப் போவான்?"

"செம்பு வெல என்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் தெரியும். அம்புட்டுச் செம்பு இருந்தும் என் காதுல ஒரு குண்டுமணி தங்கம் ஏறல."

புதன்கிழமை எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் கம்பியின் நிழலை எடுத்துப் போட்டிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில், ஜன்னல் வழியாக, எங்கள் சுற்றுச்சுவரும் அதற்கு மேலே சுரைப்பந்தலும் தெரிந்தன. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். காய்கூடத் தெரிந்தது. அன்று காலையில்தான் அந்தப் பெண்ணின் அப்பா சுவர் மேல் கை வைத்து நின்று, "காய் சும்மா கும்முன்னு வந்திருக்கேண்ணே, கண்ணு பட்டுறப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சின்னாளபட்டியில் சேலைக்கடையில் வேலை பார்க்கிறவர். எதையும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார். இவ்வளவு சிரிக்கிற ஆளை எப்படி நம்புவது என்று எனக்கு ஏற்கெனவே ஒரு எண்ணம். இப்போது அவர் பேச்சையும் அந்தப் படத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அந்தக் கொடியில் வந்த முதல் காய் அது. விதைக்கு விட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். கனம் தாங்காமல் காம்பு ஒடிந்துவிடுமோ என்று பயந்து, கடையில் சுருள்களைச் சேர்த்துக் கட்டும் பருத்தி நாடாவைக் கொண்டுவந்து, காயின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பந்தல் கம்பில் கட்டியிருந்தேன். காய் பெருக்கப் பெருக்க நாடா பதிந்து, கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. "யாரும் இதைத் தொடக் கூடாது" என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை 'வளர்வது' என்ற தலைப்புக்கு என் மகள் அந்தச் சுரைக்காயைத்தான் எடுத்தாள். கீழே மண்ணில் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறாள். கழுத்தில் கயிறு கட்டிய கைக்குழந்தை மாதிரி இருந்தது காய். தெரு முழுக்கப் பாராட்டு. டீச்சர் கைதட்டும் படமாக வரிசையாகப் போட்டார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ, இனிமேல் காய் இருப்பது ஊருக்கே தெரிந்துபோச்சே என்ற கவலை.

சனிக்கிழமை என் மனைவி ஒரு விசேஷத்துக்காக ஆத்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாணார்பட்டிப் பக்கமிருந்து எனக்குப் போன். மோட்டார் நின்றுபோய்க் கத்திரித் தோட்டம் வாடுகிறதாம். மகள் எதிர்வீட்டாரோடு மாதா கோயில் பூசைக்குப் போய்க்கொள்கிறேன் என்றாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், பந்தலில் நாடா மட்டும் தொங்குகிறது. கத்தியால் அறுத்த நுனி. அணில் கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது நேர்வெட்டு.

சட்டைப்பையில் போன் சத்தம் கொடுத்தது. ஞாயிறு, அடுப்படி. எதிர்வீட்டுப் பெண் போட்ட படம். அரிவாள்மணை, பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சுரைக்காய்த் துண்டு, அதற்குப் பின்னால் காயின் மேல்பாதி. அதன் கழுத்தில் நாடாத் தடம். படம் கட்டம் கட்டமாக உடைகிற வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கை போட்ட கட்டு எனக்குத் தெரியாதா?

"காய் எங்கத்தா?" என்று மகளைக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போச்சு.

"எதிர்வீட்டு ஆளுகதானே?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர். தோழிக்காக மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அப்பா, போகாதீங்கப்பா. செத்த நேரம் இருங்க, நான் சொல்றேன். இந்தத் தெருவுல எனக்கு அவ ஒருத்திதான்பா இருக்கா."

அந்தச் செத்த நேரத்தைத்தான் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடந்தேன்.

"வாங்கண்ணே! சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க, சாப்புடுவோம்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சாப்புட வரல. அந்தக் காய் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

அவர் சிரித்தார். "சும்மாவா வந்துச்சு? போட்டி போட்டுல்ல எடுத்தேன்!"

"செவுத்துல கைய வச்சு, கண்ணு படும்னு சொன்னீங்களே, அப்பவே நெனச்சேன். புதுசா வந்தவன் தோட்டம்னா கேக்க நாதி இல்லைன்னு நெனப்போ?"

அடுப்படி வாசலில் அந்தப் பெண் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தது. அவர் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அண்ணே, காலையில பூசை முடிஞ்சு காணிக்கை ஏலம் விட்டாங்க. ஒங்க பாப்பாதான், எங்க வீட்டு மொதக் காயின்னு பாதர்கிட்ட கொண்டாந்து குடுத்துச்சு. வேற தெரு ஆளு ஒருத்தர் கேட்டாரு. நம்ம தெருப் புள்ள கொடுத்த காய் வெளிய போகக் கூடாதுன்னு நான் விடல, ஏத்திக் கேட்டு எடுத்தேன்."

வீட்டில் முதலில் விளைவது காயோ கனியோ, முதல் குஞ்சோ, அதைக் கோயிலுக்குக் கொடுப்பதும், பூசை முடிந்து வாசலில் ஏலம் விடுவதும் நான் சின்ன வயதிலிருந்து பார்க்காததா? எத்தனையோ சேவலுக்கு நானே கை தூக்கியிருக்கிறேன். அது என் நினைப்பில் வரவே இல்லை. நாடாத் தடம் மட்டும்தான் வந்தது.

பின்னாலேயே என் மகள் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தாள். "நான்தான்பா அறுத்தேன். என் போட்டோ எல்லாருக்கும் பிடிச்சிருந்தா மொதக் காய மாதாவுக்குத் தாரேன்னு வேண்டிக்கிட்டேன். ஒங்ககிட்ட கேட்டா விதைக்குன்னு சொல்லுவீங்க. அம்மா வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

எதிர்வீட்டு அம்மா உள்ளேயிருந்து ஒரு தூக்குப்பாத்திரத்தையும், அறுக்காமல் வைத்திருந்த மேல்பாதிக் காயையும் கொண்டுவந்தார். "ஒங்களுக்குன்னு எடுத்து வச்சது. கூட்டு இதுல இருக்கு" என்று சொல்லி, என் கையில் தராமல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மன்னிச்சிருங்க" என்றேன். "பரவால்லண்ணே. புது எடம், அப்படித்தான் தோணும்" என்றார் அவர். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டதை மறுபடி சொல்லவில்லை.

அன்றைக்கு என் மகள் அடுப்படிப் படம் அனுப்பவில்லை. டீச்சர் போன் பண்ணிக் கேட்டதற்கும், "வேண்டாம் மிஸ்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஊரிலிருந்து வந்த என் மனைவி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கூட்டை ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். "உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்கு. அந்த நாடா மிச்சம் இருந்தா உங்க வாய்க்கும் ஒரு சுத்துச் சுத்துங்க" என்றாள்.

திங்கட்கிழமை நாலரை மணிக்குக் கதவு சத்தம் போடவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. என் மகள் வாசலைப் பார்க்க உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தது. கதவுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், உள்ள வரலாமா?" என்று கேட்டது. நாலு மாசத்தில் ஒரு நாளும் அது அப்படிக் கேட்டதில்லை.

"இதெல்லாம் கேக்கணுமா தாயி? வா."

செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பந்தலுக்கடியில் ரெண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிற சத்தம். இலைக்குப் பின்னால் இன்னொரு பிஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். என் மகள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, "நாங்க கட்டிக்கிறோம்பா" என்றாள். பதியாத மாதிரி, ஒரு விரல் போகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டினார்கள்.

இப்போது அந்தப் பெண் பெரும்பாலும் தினமும் வருகிறது. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறது. நானும் ஒவ்வொரு நாளும், கேட்க வேண்டாம் தாயி என்கிறேன். கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிற நாட்களில் நாலரை மணிக்குக் கையிலிருக்கிற வீட்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரும்புக் கதவைக் காலால் எத்துகிற சத்தம் இன்னும் வரவில்லை.