வளைவில் கட்டிய பஸ் தரிப்பிடம்

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்துக்குள் பஸ் விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்போது என் மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. நானும் அவ்வளவுதான் படித்தவள். மகள் விடியுமுன் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தேயிலைக்குள் நடந்து, பெரிய ரோட்டுக்குப் போய்த்தான் பஸ் ஏறுவாள். மழைக்காலத்தில் அட்டைக்கடி இரத்தம் வெள்ளைக் காலுறையில் ஊறியிருக்கும். பஸ் வந்தால் இவள் படித்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரதேச சபையிலிருந்து ஓர் ஐயா வந்தார். வேன் வைத்திருப்பவனுக்கு மட்டும் ரோடு போட்டால் போதாது, எல்லோரும் பஸ்ஸில் போக வழி செய்ய வேண்டும் என்று நல்லதாகத்தான் பேசினார்.

"தரிப்பிடம் ஒன்னுதான் கட்டலாம். எங்கன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க."

எங்கள் தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. திருவிழாவில் சாமி எந்தப் பக்கம் முதலில் வரும் என்பதற்கே முகம் திருப்பிக்கொள்கிற சனம்.

"நாங்க எறங்கி வந்து ஒங்க வாசல்ல காத்துக் கெடக்கணுமா?" என்றார் மேல்கணக்குத் தலைவராக இருந்த என் வீட்டுக்காரர்.

"அப்ப நாங்க மலையேறி வந்து ஒங்களுக்குக் கும்புடு போடணுமாக்கும்?" என்றார் கீழ்க்கணக்குத் தலைவர்.

கடைசியில் மாட்டுக்கயிறுகளை முடிச்சுப் போட்டு ரோட்டை அளந்தார்கள். சரிபாதி விழுந்தது மானாப்புல் மண்டிய வளைவில். பக்கத்தில் ஆள் குடியிருக்கும் லயமும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் சந்தோஷமாகக் கைதட்டின.

அன்று வீட்டில் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"புள்ளக்காம்பராகிட்ட கட்டலாம்லங்க. ரெண்டு கணக்குப் பொம்பளைங்களும் கைப்புள்ளைய விட அங்கதான வர்றோம். லைட்டும் இருக்கு."

"அது அவங்க பக்கம். நீ வேணும்னா கூட்டத்துல வந்து பேசு."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரியும்.

தரிப்பிடம் கட்டினார்கள், பஸ்ஸும் வந்தது. பனிமூட்டத்தில் வளைவில் ஆள் நிற்பது டிரைவருக்குத் தெரியாது, நிறுத்தாமல் போய்விடுவார். பக்கத்தில் சிறுத்தை நாயைத் தூக்கிய பிறகு இருட்டில் அங்கே நிற்க ஒருவரும் துணியவில்லை. வெறும் பஸ் எத்தனை நாள் ஓடும்? நிறுத்திவிட்டார்கள். மகளோடு நடந்த பிள்ளைகள் அதற்குள் படிப்பை விட்டிருந்தார்கள். தனியாக அனுப்ப எங்களுக்கும் பயம். ஒன்பதாம் வகுப்போடு அவளும் நின்றாள். பிறகு கொழுந்துக்கூடைதான்.

இப்போது லயத்து வாசல்வரை ஆட்டோ வருகிறது. புகை அடுப்படிவரைக்கும் ஏறுகிறது. கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்ட மகளும் அதில்தான் வருவாள். போன தடவை அவளை அனுப்ப நானும் ஆட்டோவில் கூடப் போனேன். வளைவில் அந்தத் தரிப்பிடத்துக்குள் யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள்.

"பாத்தியாம்மா, வெறகாச்சும் நனையாம இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.