கம்பில் ஏறாத கோழிகள்

ஆறு குஞ்சுகளைச் சமையலறையில் அட்டைப்பெட்டி வைத்து வளர்த்தவள் நான். அதுங்க எச்சத்தையெல்லாம் இரண்டு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாரினேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. ராத்திரி ஆனால் கம்பில் ஏறித் தூங்குங்கள் என்றேன். அது பெரிய குற்றமா?

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில், பெரிய சாக்கடையை ஒட்டிய வரிசையில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. அதில் என் வீட்டுக்காரர் கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டு ஒரு கூண்டு செய்தார். குஞ்சுகள் கொஞ்சம் பெரிதானதும் அதில் விட்டோம். மூன்றாம் நாள் காலையில் ஒன்றைக் காணோம். வலைக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்தும் நாலு இறகும்தான் கிடந்தன.

பக்கத்து வீட்டுப் பூனைதான் என்று நான் கத்தினேன். பூனைக்காரி வந்து பொந்தைப் பார்த்தாள்.

"பூனை எங்கக்கா மண்ணத் தோண்டும்? இது ஹெக்கணா. மோரியிலருந்து வருது."

சாக்கடைப் பெருச்சாளியைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொன்னாள். கல் வைத்தாலும் அதற்குப் பக்கத்தில் தோண்டிக்கொண்டு வருமாம். கோழிகள் மேலே ஏறிப் படுத்தால்தான் பிழைக்கும், தரையில் படுத்தால் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்றாள்.

என் வீட்டுக்காரர் பிளம்பர். அன்றைக்கே இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒன்றை மாட்டிவிட்டு, பெருமையாக என்னைக் கூப்பிட்டார். பார்த்தால், வழவழவென்று வெள்ளை பிளாஸ்டிக் பைப்! ஒரு கோழியைத் தூக்கி வைத்தேன். கால் வழுக்கி, தலைகீழாகத் தொங்கி, பொத்தென்று விழுந்தது.

"இன்னாய்யா இது? கோழி குந்துறதுக்குக் கம்பு கேட்டா தண்ணி பைப்ப மாட்டி வெச்சிருக்கே?"

"மிச்சம் இருந்துச்சு. வேஸ்டாப் போவுதேன்னு..."

"நீ செஞ்சது எது உருப்பட்டிருக்கு?"

தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் கேட்டேன். மறுநாள் எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கட்டை கொண்டுவந்து கட்டினார். ஏறுவதற்கு வசதியாகக் கீழே இரண்டு செங்கல்லும் வைத்தார். இதற்குமேல் ஒரு கோழிக்கு என்ன செய்ய முடியும்?

ஏறினால்தானே! யூனிபார்ம் தைக்கிற கடையிலிருந்து ஐந்தரைக்கு நான் வீட்டுக்கு வருவேன். ஆறு மணிக்கு முகம் கழுவி சாமிக்கு விளக்கேற்றி, கையோடு வீட்டில் இருக்கிற அத்தனை லைட்டையும் போடுவேன், பின்பக்கத்து பல்பு உட்பட. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மூலை இருட்டாகக் கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது. அந்த நேரத்தில் இருட்டாக இருந்தால் மூதேவி வந்து குந்திக்கொள்வாள். அதோடு, வெளிச்சம் இருந்தால்தானே அதுங்களுக்குக் கம்பு கண்ணுக்குத் தெரியும்?

அந்த வெளிச்சத்தில் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வைப்பேன். ஐந்தாவதை வைப்பதற்குள் முதலாவது குதித்துவிடும். திரும்ப வைத்தால் மூன்றாவது குதிக்கும். கீழே இறங்கி மண்ணைக் கிளறும், காலித் தட்டையே திரும்பத் திரும்பக் கொத்தும். நாள் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு வந்து இந்தக் கூத்து! "சனியனுங்களா, உங்க உசுருக்குத்தானே சொல்றேன்!" என்று தலையில் அடித்துக்கொள்வேன். ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடிந்து பல்பை அணைத்தால், மறுநாள் காலையில் ஐந்தும் மூலையில் குவிந்து கிடக்கும்.

ஒரு நாள் காலையில் நான்குதான் இருந்தன. போனது செவலை. துணி துவைக்க உட்கார்ந்தால் என் பக்கத்தில் வந்து நிற்கும், விரட்டினாலும் போகாது. தின்றது போக மிச்சம் கிடந்தது. அதை அள்ளும்போது அழுதேன். அழுது முடித்ததும் வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன். பொந்தை ஒழுங்காக அடைக்கத் துப்பில்லை என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் சிமெண்டைக் குழைத்துப் பூசினார். இரண்டே நாளில் சிமெண்டுக்குப் பக்கத்தில் புதுப் பொந்து.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டேன், பின்பக்கத்து பல்பு எரியவில்லை. வேறு பல்பு வீட்டில் இல்லை. வரட்டும் அந்த மனுஷன் என்று பொருமிக்கொண்டே குழம்பு வைத்தேன். ஏழு மணிக்கு அவர் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தேன்.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றே, நம்ம வூட்ல ஒரு பல்பு வாங்கி வெக்க மாட்டியா? அதுங்கள இன்னைக்கி எப்படி ஏத்துறது?"

கத்திக்கொண்டே போன் டார்ச்சைக் கூண்டுக்குள் அடித்தேன். மூலையில் ஒன்றையும் காணோம். டார்ச்சை மேலே தூக்கினேன். சவுக்குக் கட்டையில் நான்கும் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"நீ ஏத்தி வுட்டியா?"

"நான் இப்பதானே செருப்பக் கழட்டுறேன்."

எனக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தி மங்கினால் தானாக ஏறுகிற உயிர்கள். நான் லைட்டைப் போட்டு ஒன்பது மணிவரை பகலாக்கி, பிறகு ஒரே அடியாக இருட்டில் தள்ளியிருக்கிறேன். கண் தெரியாத இருட்டில் எது எங்கே ஏறும்? தரையிலேயே மூலையில் ஒடுங்கிவிட்டன, பெருச்சாளிக்குப் பந்தி வைத்த மாதிரி.

என் தோளுக்குப் பின்னால் நின்று அவரும் பார்த்தார். "நெனச்சேன்," என்றார்.

"இன்னா நெனச்சே?"

"லைட்டுதான் காரணம்னு. செவலை போறதுக்கு முன்னாடியே தோணுச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"உங்கிட்ட யாரு சொல்றது? வெளக்கு வெக்கிற நேரத்துல லைட்ட அணைன்னு சொன்னா சும்மா வுட்டிருப்பியா?"

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. தெரிந்துகொண்டே ஒரு உயிரைச் சாக விட்டிருக்கிறான் இந்த மனுஷன்! நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த உடனே அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படித்தான் குனிகிறார் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. செவலை போனது என் வாயால்தான்.